அல்லேலூயாவைப் புதைக்கும் வாரம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியின் மழலையர் பிரிவில் ஆசிரியையாகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. நான் கிறிஸ்தவர் இல்லை. அடுத்த வார நிகழ்ச்சி நிரலைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். திங்கள், போன வருடம் கோயிலில் கொடுத்த குருத்தோலைகளை வீடுகளிலிருந்து சேகரிக்க வேண்டும். செவ்வாய், அவற்றை எரிப்பதும் ‘அல்லேலூயா புதைப்பதும்’ (கடவுளைப் புகழும் அந்தச் சொல்லைத்தானாம்). புதன், நெற்றியில் சாம்பல் பூசுகிற திருநீற்றுப் புதன் திருப்பலி (பூசை). வியாழன், அடுத்த வருடச் சேர்க்கைக்காகப் பெற்றோர்கள் பள்ளியைப் பார்க்க வருகிறார்கள். வெள்ளி, இயேசு சிலுவை சுமந்து போன படங்களுக்கு முன் நின்று நின்று ஜெபிக்கிற சிலுவைப்பாதை. சனி, இரண்டாம் வகுப்புக்கு முதல் பாவசங்கீர்த்தனம், அதாவது குருவானவரிடம் பாவங்களைச் சொல்வது. அதற்கு என் உதவியாளரை எடுத்துக்கொள்கிறார்கள். நடுவில் கண் பரிசோதனை, குரூப் போட்டோ, தவக்கால (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) உண்டியல். என் வகுப்பில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் 22 பேர். இதில் நான் எப்போது பாடம் நடத்துவது? இன்னொன்றும் கேட்க வேண்டும். “நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்” என்று சொல்லித்தான் சாம்பல் பூசுவார்களாமே, மூன்று வயதுப் பிள்ளையிடம் அப்படிச் சொல்லலாமா? நான் வெளி ஆள் என்பதால் பள்ளியில் கேட்கத் தயக்கமாக இருக்கிறது.

ம.

அன்புள்ள ம.,

நானும் ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்குள் வெளி ஆளாகத்தான் நுழைந்தேன். பதினாறு வருடம் இருந்தேன். முதல் வருடம் இதே மாதிரி ஒரு தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, இது பள்ளிக்கூடமா திருவிழாக் கமிட்டியா என்று பக்கத்து வகுப்பு டீச்சரிடம் கேட்டேன். அவர் ஒரு அருட்சகோதரி என்பது அப்போது மறந்துவிட்டது. நல்லவேளை, சிரித்தார்.

உங்கள் தாளைப் பார்த்தால் அதில் இரண்டு வாரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. குருத்தோலை, சாம்பல், அல்லேலூயா, சிலுவைப்பாதை, இதெல்லாம் திருச்சபையின் வாரம். கண் பரிசோதனை, போட்டோ, சேர்க்கைக்கான வருகை, உண்டியல் எல்லாம் அலுவலகத்தின் வாரம். பிள்ளைகளைக் களைப்பாக்குவது முதலாவது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் இரண்டாவதுதான். திருநீற்றுப் புதன் எப்படியும் பிப்ரவரி 4-க்கும் மார்ச் 10-க்கும் நடுவில்தான் வரும், எந்த நாள் என்பது பல வருடங்களுக்கு முன்பே கணக்குப் போட்டுச் சொல்லக்கூடியது. அது தெரிந்திருந்தும் அதே வாரத்தில் போட்டோகிராபரைக் கூப்பிடுகிறவர்களை என்ன செய்வது? புதன்கிழமை போட்டோ எடுத்த ஒரு வருடம் எங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் நெற்றியில் கரியோடும் பாதிப் பிள்ளைகள் அதைத் துடைத்த தடத்தோடும் நிற்கிறார்கள். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

பாடம் எப்போது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று வயதுக்குப் பாடம் என்பது ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வது. மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரத்தின் சான் லோரென்ஸோ பகுதியில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அங்கே ஒரு சின்னப் பெண் மரஉருளைகளை அவற்றின் குழிகளிலிருந்து எடுப்பதும் திரும்ப வைப்பதுமாக நாற்பது தடவைக்கு மேல் செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். சுற்றிலும் மற்ற பிள்ளைகளைப் பாடவைத்தும் அவள் தலை நிமிரவில்லை. அந்த வயதுப் பிள்ளைக்கு நீங்கள் ஒரு வாரத்தில் ஒன்பது புதுக் காரியங்களைக் காட்டினால் எதிலும் நிற்க மாட்டாள். ஒன்றை ஐந்து நாளும் காட்டுங்கள், நிற்பாள். அதனால் இந்த வாரத்திலிருந்து உங்கள் வகுப்புக்கு ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஓலை. திங்கட்கிழமை கையில் வாங்கும் காய்ந்த ஓலைதான் செவ்வாய்க்கிழமை எரிகிறது, புதன்கிழமை நெற்றிக்கு வருகிறது, ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறுக்குப் புது ஓலையாகத் திரும்பி வருகிறது. பச்சை, பழுப்பு, கருப்பு. உங்கள் அறிவியலும் நிறமும் மொழியும் அதற்குள்ளேயே இருக்கின்றன, தனியாகப் பீரியட் தேட வேண்டாம்.

எரிப்பதைத் தூரத்திலிருந்து பார்க்க விடுங்கள். ஓலை முதலில் சுருளும், அப்புறம் ஒரே மூச்சில் பற்றிக்கொள்ளும். ஒரு பெரிய கட்டு ஓலை எரிந்தால் ஒரு கைப்பிடிச் சாம்பல்கூடத் தேறாது. பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய அதிர்ச்சி. “மிச்சம் எங்க போச்சு?” என்று ஒருத்தன் தட்டுக்கு அடியிலெல்லாம் தேடினான். அப்புறம் சலிக்க வேண்டும், நரம்பு நரம்பாக நிற்கும். ஒரு எச்சரிக்கை: சாம்பலில் தண்ணீர் விட்டுக் குழைக்க யாரையும் விடாதீர்கள். சாம்பலில் காரம் உண்டு, தண்ணீர் சேர்ந்தால் சின்னத் தோல் எரிந்து சிவந்துவிடும். உலர்ந்த சாம்பலே போதும், ஒட்டவில்லை என்றால் ஒரு சொட்டு எண்ணெய். ஆர்வக்கோளாறில் தண்ணீர் கலந்த ஒரு வருடம் மூன்று பிள்ளைகளின் நெற்றியைக் கழுவிக்கொண்டு குழாயடியில் நின்றவள் நான்.

புதன்கிழமைத் திருப்பலிக்கு உங்கள் 22 பேரும் முழு நேரமும் உட்கார வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் அடுத்த கேள்வியாக வரும். வேண்டியதில்லை. இது என் சலுகை இல்லை, 1973-இல் வத்திக்கான் வெளியிட்ட சிறுவர் திருப்பலிக்கான வழிகாட்டியிலேயே இருக்கிறது. பங்கெடுக்க முடியாத, விருப்பமும் இல்லாத மிகச் சின்னப் பிள்ளைகளைத் தனியாக வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், கடைசியில் ஆசீருக்கு உள்ளே கூட்டி வரலாம் என்கிறது. பைபிள் வாசகங்களைக் குறைத்துக்கொள்ளலாம் என்கிறது, நற்செய்தியை மட்டும் விடக் கூடாது. வார நாள் திருப்பலியைத் தினமும் வைக்காமல் இருந்தால் பிள்ளைகளுக்குச் சலிப்பும் தட்டாது, பலனும் கூடும் என்றும் சொல்கிறது. கோயில் குருவானவரான பங்குத்தந்தையிடம் இதைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் அவருக்கும் நிம்மதியாகத்தான் இருக்கும், ஏனென்றால் பிரசங்கத்தின் நடுவில் “எனக்கு ஒண்ணுக்கு வருது” என்ற குரல் கேட்டால் நின்றுபோகிறவர் அவர்தான்.

இப்போது மண்.

சாம்பல் பூசும்போது சொல்ல இரண்டு வாக்கியங்கள் உண்டு, எதையும் சொல்லலாம். ஒன்று நீங்கள் எழுதியது. இன்னொன்று, “மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள்.” சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டாவதைச் சொல்லும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம், அதில் தப்பே இல்லை. ஆனால் மண் என்ற சொல்லைக் கண்டு பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று நான் நினைத்தது முக்கால்வாசி தவறு. அவர்களுக்கு மண் விளையாடுகிற சாமான். “நான் மண்ணா டீச்சர்? அப்ப என்னைத் தண்ணி ஊத்திப் பிசையலாமா?” என்று கேட்ட பையன் அன்று முழுக்க சந்தோஷமாக இருந்தான். மீதிக் கால்வாசியில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். பாட்டியை அடக்கம் செய்து இரண்டு வாரம்கூட ஆகாத ஒரு பெண் எங்கள் வரிசையில் நின்றாள். குழிக்குள் மண் போட்டதைப் பார்த்தவள். அந்த வாக்கியம் காதில் விழுந்ததும் என் புடவை நுனியைப் பிடித்தவள் மத்தியானம் வரை விடவில்லை. குருவானவர்மேல் குற்றமில்லை, யார் வீட்டில் என்ன நடந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான். திங்கட்கிழமையே உங்கள் வருகைப் பதிவேட்டை ஒரு தடவை மேலிருந்து கீழே படியுங்கள், சமீபத்தில் யார் வீட்டிலாவது சாவு உண்டா என்று.

நெற்றியைத் தொடவே விடாத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். சில நாடுகளில் உச்சந்தலையில் லேசாகத் தூவுவதோடு சரி. கிறிஸ்தவர் அல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் சாம்பல் பூசத் தடை இல்லை, அது திருமுழுக்கு, நற்கருணை போல ஒரு அருட்சாதனம் அல்ல, ஆனால் பெற்றோரிடம் முதல்நாளே ஒரு வார்த்தை கேட்பது முறை. யாரையும் கட்டாயப்படுத்தி விசுவாசத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. நீங்கள் பூசிக்கொள்வதா வேண்டாமா என்பதும் அப்படியே. நான் சில வருடம் பூசிக்கொண்டேன், சில வருடம் வரிசையை ஒழுங்குபடுத்துகிற சாக்கில் தள்ளி நின்றேன். ஒருவரும் காரணம் கேட்டதில்லை.

ஒரு பிள்ளையின் நெற்றியைக் கழுவிவிட்டேன் என்று ஒரு தாய் என்னிடம் சண்டைக்கு வந்தார். பிள்ளைதான் அரிக்கிறது என்று அழுதது. அன்று காலை படித்த நற்செய்தியையே அவருக்கு நினைவுபடுத்தினேன். திருநீற்றுப் புதனுக்கு என்று இருப்பது மத்தேயு ஆறாம் அதிகாரம். நோன்பு இருக்கும்போது தலைக்கு எண்ணெய் தேய்த்து முகத்தைக் கழுவிக்கொள் என்று இயேசு சொல்வது அதில்தான் வருகிறது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அதே பகுதியில்தான் வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்பதும் வருகிறது. காலையில் அதைப் படித்துவிட்டு, மத்தியானம் ‘எந்த வகுப்பு உண்டியலில் அதிகம்’ என்று பலகையில் எழுதிப்போடுகிற பள்ளிகளை என்ன சொல்ல? இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது. உண்டியல் இருக்கட்டும், போட்டி வேண்டாம். மூன்று வயதுப் பிள்ளையின் கையில் ‘நான் தவக்காலத்தில் விட்டுக்கொடுப்பது’ என்று ஒரு தாளைக் கொடுத்தனுப்புவதும் அப்படித்தான். திருச்சபைச் சட்டப்படி இறைச்சியைத் தவிர்க்கும் கடமையே 14 வயது நிறைந்தபிறகுதான், நோன்பு 18 நிறைந்தபிறகு. மழலைப் பிள்ளை எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம், பக்கத்துப் பிள்ளையிடம் பொம்மையைப் பத்து நிமிடம் கொடுத்தால் அதுவே அந்த வயதில் பெரிய தவம்.

வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதையில் பதினான்கு நிலைகளுக்கும் உங்கள் பிள்ளைகளை நடத்திக்கொண்டு போகாதீர்கள். ஐந்தாவதும் ஆறாவதும் போதும். ஐந்தாவதில் சீமோன் என்பவர் இயேசுவின் சிலுவையைச் சேர்ந்து பிடிக்கிறார், ஆறாவதில் வெரோனிக்கா என்ற பெண் அவர் முகத்தைத் துடைத்துவிடுகிறார். பாரம் தூக்குகிறவருக்கு ஒரு கை கொடுப்பதும் அழுக்கு முகத்தைத் துடைப்பதும் அவர்களுக்குத் தினசரி தெரிந்த காரியம். ஆறாம் நிலையில் எங்கள் வகுப்பில் ஒருத்தி பாவாடைப் பையிலிருந்து தன் கைக்குட்டையை எடுத்து, மூக்குச் சளியோடு இருந்ததை, அந்தச் சுவர்ப் படத்தின் முகத்தில் நிதானமாகத் தேய்த்தாள். கண்ணாடி போட்ட படம்தான், அப்புறம் துடைத்துக்கொண்டோம்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் உங்கள் வகுப்பு இல்லை. உங்கள் உதவியாளரைக் கேட்கிறார்கள் என்பதால் மட்டும் ஒன்று. திருப்பலியில் அப்பம் வாங்குகிற முதல் நற்கருணைக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்பது விதி. 1910-இல் போப் பத்தாம் பயஸ் நற்கருணைக்கான வயதை ஏழு வயதை ஒட்டிக் கொண்டுவந்ததிலிருந்து, இந்த வரிசையில் நிற்பவர்கள் முன்பல் விழுந்த பிள்ளைகள். மறந்துவிடக் கூடாது என்று பாவங்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வார்கள். எழுத்துப்பிழை திருத்தித் தரச் சொல்லி டீச்சரிடம் நீட்டுவார்கள். தன் பட்டியல் சின்னதாக இருக்கிறதென்று நண்பனிடம் ஒன்று கடன் கேட்ட பையனை எனக்குத் தெரியும். யார் நீட்டினாலும் வாங்கிப் பார்க்கக் கூடாது, முடிந்ததும் அந்தத் தாள் வீட்டுக்கும் போகக் கூடாது, அங்கேயே கிழித்துவிட வேண்டும் என்று உங்கள் உதவியாளரிடம் சொல்லி அனுப்புங்கள். உள்ளே கேட்டதைக் குருவானவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்ல முடியாது. வெளியே நிற்கிற நாமும் கொஞ்சம் அப்படி இருக்கலாம்.

வியாழக்கிழமைப் பெற்றோர் வருகையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வகுப்பை அலங்கரிக்காதீர்கள். கண் பரிசோதனையைத் தள்ளிப்போட முடியுமா என்று அலுவலகத்தில் கேளுங்கள், முடியாது என்பார்கள், மறுபடியும் கேளுங்கள்.

கடைசியாக அல்லேலூயா. பிள்ளைகளுக்கு வாரத்திலேயே அதிகம் பிடிக்கப்போவது இதுதான். தவக்காலம் முழுக்க அந்தச் சொல்லைப் பாடுவதில்லை, ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பு வரை. அதனால் காகிதத்தில் பெரிதாக எழுதி, வண்ணம் அடித்து, ஒரு பெட்டியில் போட்டுத் தோட்டத்தில் புதைப்பார்கள். எங்கள் பிள்ளைகள் தினமும் காலையில் அந்த இடத்தைச் சுற்றிப் போய் நின்று பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குள் வருவார்கள். “உள்ள மூச்சு முட்டாதா?” என்று ஒருத்தன் கேட்டான். இன்னொருத்தி குனிந்து மண்ணோடு வாயை வைத்து “நாங்க இங்கதான் இருக்கோம்” என்று சொன்னாள். வாய் தவறி யாராவது அல்லேலூயா பாடிவிட்டால் கண்டிக்காதீர்கள், மற்ற 21 பேரும் உங்களுக்கு முன்னால் கண்டித்துவிடுவார்கள்.

பெட்டி தகரமாக இருக்கட்டும். அட்டைப்பெட்டி வைத்த வருடம் எங்களுக்குக் கூழ்தான் கிடைத்தது. புதைத்த இடத்தை, எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடி என்று, ஒரு தாளில் எழுதி அலமாரியில் வையுங்கள். எங்களில் யாரும் எழுதி வைக்காத ஒரு வருடம், பாஸ்கா விடுமுறை முடிந்து வந்து, முப்பது பிள்ளைகள் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, தலைமை ஆசிரியை உட்பட நான்கு பேர் ஐந்து இடத்தில் தோண்டினோம்.

அன்புடன்,
அக்கா