சூடான உலர்பாறையிலிருந்து மின்சாரம்: கேள்விகளும் பதில்களும்

ஆழ்நிலத்தில் உள்ள சூடான உலர்பாறையிலிருந்து வெப்பத்தை எடுத்து மின்சாரமாக்குவது குறித்து உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை. ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: புவிவெப்பம் என்றாலே வெந்நீர் ஊற்றும் நீராவியும்தான் நினைவுக்கு வருகின்றன. பாறை உலர்ந்திருந்தால் வெப்பத்தை மேலே கொண்டுவருவது எது?

இத்தாலியின் லார்டெரெல்லோ, கலிபோர்னியாவின் கெய்சர்ஸ் போன்ற இடங்களில் சூடு, நீர், அந்த நீர் ஓடுவதற்கான வழி ஆகிய மூன்றும் இயற்கையாகவே கூடிவந்திருக்கின்றன. அப்படிப்பட்ட இடங்கள் உலகில் மிகக் குறைவு. சூடு மட்டும் என்றால் அது எல்லா இடத்திலும் இருக்கிறது. கண்டங்களின் பெரும்பகுதியில் ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் வெப்பநிலை 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை ஏறுகிறது. யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கச் சிதைவால் தானாகவே சூடு பிறக்கும் கிரானைட் பாறை, வெப்பத்தை எளிதில் கடத்தாத படிவப் பாறைகளால் மூடப்பட்டிருக்கும் இடங்களில் இந்த ஏற்றம் இன்னும் வேகமாக இருக்கும்.

உலர்பாறையில் இல்லாதவை நீரும் வழியுமே. அவற்றை நாம்தான் கொடுக்க வேண்டும். ஒரு கிணற்றைத் துளைத்து, உயர் அழுத்தத்தில் நீரைச் செலுத்திப் பாறையின் விரிசல்களைத் திறந்து, அந்த விரிசல் மண்டலத்தை வெட்டிச் செல்லுமாறு இரண்டாவது கிணற்றைத் துளைக்கிறார்கள். முதல் கிணற்றில் இறங்கும் குளிர்ந்த நீர் விரிசல்களின் ஊடே சூடாகி, இரண்டாவது கிணற்றின் வழியே மேலேறி, வெப்பப் பரிமாற்றியில் தன் சூட்டைக் குறைந்த கொதிநிலை கொண்ட வேறொரு திரவத்துக்குக் கொடுத்துவிட்டு மீண்டும் பூமிக்குள் போகிறது. டர்பைனைச் சுழற்றுவது அந்த இரண்டாவது திரவத்தின் ஆவிதான்.

கேள்வி: ஐயா, இதற்கு இவ்வளவு பாடுபட வேண்டுமா? அங்கே உண்மையில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது?

கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு கன கிலோமீட்டர் கிரானைட்டின் எடை ஏறத்தாழ 265 கோடி டன். அதை 1 டிகிரி குளிர்வித்தால் சுமார் 62 கோடி கிலோவாட் மணி வெப்பம் வெளிப்படும். 20 டிகிரி குளிர்வித்து, கிடைத்த வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் மின்சாரமாக்கினாலும், சுமார் 7 மெகாவாட் திறனுள்ள நிலையம் இரவு பகலாக 20 ஆண்டுகள் ஓடும். வெப்பத்துக்குப் பஞ்சமில்லை என்பதில் ஐயமே இல்லை. ஐம்பது ஆண்டு ஆராய்ச்சி முழுவதும் அந்த வெப்பத்தை நீர் தொடுவதற்கான பரப்பை உண்டாக்குவதிலேயே கழிந்திருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற பதில்கள் எளிதில் விளங்கும்.

கேள்வி: பாறையைப் பிளக்க வெடிமருந்து பயன்படுத்துகிறார்களா? விரிசல் எந்தத் திசையில் போகும் என்பது முன்கூட்டியே தெரியுமா?

வெடிமருந்து பயன்படுவதில்லை, நீரின் அழுத்தமே போதும். திசையைப் பற்றிய உங்கள் கேள்விதான் இத்துறையின் வரலாற்றையே தீர்மானித்தது.

அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகம், 1970களில் நியூ மெக்சிகோவின் ஃபென்டன் ஹில்லில் உலகின் முதல் உலர்பாறைத் திட்டத்தைத் தொடங்கியது. 1977இல் இரண்டு கிணறுகளுக்கிடையே நீரைச் சுழலவிட்டு வெப்பத்தை எடுத்துக் காட்டினார்கள். அடுத்த கட்டமாக, இன்னும் ஆழத்தில், அடிப்பகுதி சாய்ந்த இரண்டு கிணறுகளை ஒன்றின்மேல் ஒன்றாகத் துளைத்தார்கள். கீழ்க் கிணற்றிலிருந்து நீரை அழுத்தினால் விரிசல்கள் செங்குத்தாக எழுந்து மேல் கிணற்றைத் தொடும் என்பது திட்டம். 1983 டிசம்பரில் ஏறத்தாழ 21,000 கன மீட்டர் நீரைச் செலுத்தியும் இரண்டு கிணறுகளும் இணையவில்லை. பாறை திறக்கும்போது எழும் நுண்ணதிர்வுகளின் பிறப்பிடங்களைக் குறித்துப் பார்த்தபோது, விரிசல் மண்டலம் எதிர்பார்த்தபடி மேல்நோக்கி எழாமல் சாய்வாக வேறு பக்கம் வளர்ந்திருந்தது. விரிசலை இழுத்து வந்து கிணற்றோடு சேர்க்க வழியில்லை என்பதால், 1985இல் மேல் கிணற்றின் அடிப்பகுதியைத் திசைதிருப்பி, அந்த மண்டலத்துக்குள்ளேயே மீண்டும் துளைத்தார்கள். அதன்பிறகே நீர் சுழன்றது.

இங்கிலாந்தின் கார்ன்வாலில், ரோஸ்மனோஸ் என்ற இடத்தில் சுமார் 2 கிலோமீட்டர் ஆழத்தில் நடந்த ஆய்விலும் விரிசல் மண்டலம் கிணறுகளுக்குக் கீழே இறங்கி வளர்ந்தது. அதைப் பிடிக்க மூன்றாவது கிணறு தேவைப்பட்டது. இவ்விரண்டு இடங்களும் கற்பித்தது ஒன்றே. கிரானைட் முழுக்கல் அல்ல. அதில் ஏற்கெனவே பழைய மூட்டுகள், அதாவது இயற்கையான விரிசல்கள், இருக்கின்றன. நீரழுத்தம் பெரும்பாலும் புதிய பிளவை உண்டாக்குவதில்லை. பூமியின் இயல்பான அழுத்தத்தால் நழுவத் தயாராக இருக்கும் பழைய மூட்டுகளையே நழுவச் செய்கிறது. நழுவிய இரு முகங்களும் சொரசொரப்பானவை. அவை முன்புபோல ஒன்றோடொன்று பொருந்திக்கொள்வதில்லை என்பதால், அழுத்தம் குறைந்த பிறகும் இடைவெளி ஓரளவு நிலைத்திருக்கிறது. ஆகவே முதலில் பாறையைத் திறந்து, அது எங்கே திறந்தது என்பதைக் கேட்டறிந்து, அதன்பிறகே இரண்டாவது கிணற்றின் பாதையை முடிவு செய்ய வேண்டும் என்ற ஒழுங்கு உருவானது.

கேள்வி: நீர் தாராளமாக ஓடும் ஒரே ஒரு பெரிய விரிசல் கிடைத்தால் போதாதா?

அதுதான் மிக மோசமான நிலை. ஒரே அகன்ற விரிசல் இருந்தால் நீர் முழுவதும் அதன் வழியே பாய்ந்து, அதன் இரு சுவர்களையும் விரைவில் குளிர்வித்துவிடும். சுற்றிலும் சூடான பாறை மலைபோல் இருந்தும் மேலே வருவது வெதுவெதுப்பான நீராகவே இருக்கும். பாறைக்குள் வெப்பம் நகரும் வேகம் அவ்வளவு குறைவு: ஓராண்டில் ஏறத்தாழ 5 மீட்டர், 20 ஆண்டுகளில் சுமார் 25 மீட்டர் தூரத்திலிருந்து மட்டுமே வெப்பம் விரிசலை வந்தடையும். எனவே சில பத்து மீட்டர் இடைவெளியில் பல விரிசல்கள் வேண்டும். நீர் அவற்றிடையே ஏறக்குறையச் சமமாகப் பிரிந்து ஓட வேண்டும். மறுபுறம், விரிசல்கள் மிகக் குறுகலாக இருந்தால் நீரைத் தள்ளும் பம்புகளே உற்பத்தியாகும் மின்சாரத்தில் பெரும்பங்கை உண்டுவிடும்.

கேள்வி: நிலநடுக்கம் உண்டாகும் என்ற அச்சம் மிகைப்படுத்தப்பட்டதா?

இல்லை. இந்தத் தொழில்நுட்பம் வளர வேண்டும் என்று விரும்புகிறவன் என்ற முறையிலேயே இதைச் சொல்கிறேன்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம் 1356இல் பெரும் நிலநடுக்கத்தால் சிதைந்த இடம். அங்கே 2006 டிசம்பர் 2ஆம் நாள், 5 கிலோமீட்டர் ஆழக் கிணற்றில் நீரைச் செலுத்தத் தொடங்கினார்கள். ஆறு நாட்களில் ஏறத்தாழ 11,500 கன மீட்டர் நீர் இறங்கியது. அதிர்வுகள் வலுத்ததால் 8ஆம் நாள் செலுத்துவதை நிறுத்தினார்கள். நிறுத்திய சில மணி நேரத்தில் 3.4 அளவுள்ள அதிர்வு நகரத்தை உலுக்கியது. பம்பை நிறுத்தியவுடன் ஆபத்து நீங்குவதில்லை. உள்ளே போன அழுத்தம் பாறைக்குள் தொடர்ந்து பரவிக்கொண்டே இருக்கும். 2009இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

தென் கொரியாவின் போஹாங்கில் நடந்தது இதைவிடக் கொடியது. 2017 நவம்பர் 15ஆம் நாள் 5.5 அளவுள்ள நிலநடுக்கம் பலரைக் காயப்படுத்தி, கட்டடங்களைச் சேதப்படுத்தியது. கிணற்றில் செலுத்திய நீரே, அதுவரை அறியப்படாதிருந்த ஒரு பிளவுத்தளத்தை (பாறைத் தொகுதிகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவும் பெரும் முறிவை) தூண்டிவிட்டது என்று அந்நாட்டு அரசு அமைத்த ஆய்வுக் குழு 2019இல் முடிவு செய்தது. நிலநடுக்கத்துக்கு முன்பே, 2017 ஏப்ரலில், நீர் செலுத்திய பின் 3க்கு மேற்பட்ட அளவில் ஓர் அதிர்வு ஏற்பட்டிருந்தது. அந்த எச்சரிக்கைக்கு உரிய எடை கொடுக்கப்படவில்லை.

பாதுகாப்பாகச் செய்வதற்கும் சான்று இருக்கிறது. பின்லாந்தின் ஹெல்சிங்கி அருகே 2018இல் 6 கிலோமீட்டர் ஆழத்தில் நீரைச் செலுத்தியபோது, 2.1 அளவைத் தாண்டினால் பணி நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே வரம்பு வகுத்திருந்தார்கள். அதிர்வுகளை உடனுக்குடன் கணித்து, செலுத்தும் வேகத்தை மாற்றி, பெரும அதிர்வை 1.9இல் நிறுத்தினார்கள். என் கருத்தில், மக்கள் நெருங்கி வாழும் நகரத்துக்கு அடியிலோ, பிளவுத்தளங்கள் சரிவர ஆராயப்படாத நிலத்திலோ இத்தகைய கிணற்றுக்கு அனுமதி கொடுக்கவே கூடாது.

கேள்வி: உள்ளே செலுத்தும் நீர் முழுவதும் திரும்பி வருமா?

வராது. ஒரு பங்கு சுற்றியுள்ள பாறைக்குள் கசிந்துவிடும். அழுத்தத்தைக் கூட்டினால் இழப்பும் கூடும் என்பதால், சுழற்சிக் காலத்தில் அழுத்தத்தை விரிசல் மேலும் வளராத அளவுக்குள் வைத்திருக்க வேண்டும். இழப்பை ஈடுசெய்ய உவர்நீரையும் பயன்படுத்தலாம். குடிநீரே வேண்டும் என்பதில்லை.

கேள்வி: எண்ணெய்க் கிணறுகளை இத்தனை காலமாகத் துளைக்கிறோமே, இதில் மட்டும் என்ன சிரமம்?

எண்ணெய் பெரும்பாலும் படிவப் பாறைகளில் கிடைக்கிறது. கிரானைட் அதைவிட மிகக் கடினமானது, துளையிடும் முனையை விரைவில் தேய்த்துவிடும். சூடு 200 டிகிரியைத் தாண்டினால், அளவிடும் மின்னணுக் கருவிகளும் ரப்பர் அடைப்பான்களும் கெட்டுப்போகின்றன. குளிர்ந்த நீரும் சூடான நீரும் மாறி மாறிச் செல்லும்போது கிணற்றின் சுவரைத் தாங்கும் கேசிங் குழாய் சுருங்கி விரிகிறது. ஆஸ்திரேலியாவின் கூப்பர் படுகையில், 4 கிலோமீட்டருக்கும் கீழே 240 டிகிரிக்கு மேற்பட்ட கிரானைட் கிடைத்தது. ஆனால் 2009இல் அங்கே ஒரு கிணற்றின் கேசிங் உடைந்து நீராவி பீறிட்டது. பின்னர் 2013இல் 1 மெகாவாட் சோதனை நிலையத்தை ஓட்டிக் காட்டினார்கள் என்றாலும், மின்சாரம் தேவைப்படும் ஊர்களிலிருந்து அது வெகு தொலைவில் இருந்ததால் வணிகமாக நிலைக்கவில்லை.

கேள்வி: இது தீராத ஆற்றல்தானா?

கண்டிப்பாகப் பேசினால், நாம் செய்வது வெப்பச் சுரங்கத் தொழில். ஒரு சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பின் வழியே அடியிலிருந்து இயற்கையாக மேலேறும் வெப்பம் சுமார் 65 கிலோவாட் மட்டுமே; நாம் அதைப்போல் பல நூறு மடங்கு எடுக்கிறோம். எடுத்த பகுதி மீண்டும் சூடேற நம் வாழ்நாளைவிட நீண்ட காலம் ஆகும். ஆனாலும் இருப்பு மிகப் பெரியது; ஒரு பகுதி குளிர்ந்தால் பக்கத்தில் இன்னொன்றைத் திறக்கலாம்.

கேள்வி: இன்றைய நிலை என்ன? புதிய திட்டத்தைப் பற்றிச் செய்தி வந்தால் எதைப் பார்த்து மதிப்பிடுவது?

பிரான்சின் சூல்ஸ்-சூ-ஃபோரேயில் 1987இல் தொடங்கிய ஆய்வு 5 கிலோமீட்டர் ஆழம் வரை சென்று, இப்போது சிறிய வணிக நிலையமாக ஓடுகிறது. அண்மைய முன்னேற்றம், கிணற்றைக் கிடைமட்டமாகத் திருப்பி, அதன் நீளத்தைப் பகுதி பகுதியாக அடைத்து, ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாக விரிசலைத் திறப்பது. முன்பு சொன்ன ஒற்றை விரிசல் சிக்கலுக்கு இது நேரடியான விடை. 2023இல் ஃபெர்வோ நிறுவனம் நெவாடாவில் இந்த முறையில் 30 நாள் சோதனை நடத்தி, நொடிக்கு 63 லிட்டர் ஓட்டத்தையும் 3.5 மெகாவாட் மின்திறனையும் அறிவித்தது. அமெரிக்க எரிசக்தித் துறையின் ஃபோர்ஜ் ஆய்வுத் தளமும் யூட்டாவில் 2024இல் இரண்டு கிணறுகளுக்கிடையே நீரோட்டத்தை நிலைநாட்டியது.

செய்தியில் பாறையின் வெப்பநிலையைத்தான் பெரிய எழுத்தில் போடுவார்கள். நீங்கள் நொடிக்கு எத்தனை லிட்டர் என்று பாருங்கள். சொல்லப்படும் மெகாவாட்டில் பம்புகளின் செலவு கழிக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மேலேறும் நீரின் சூடு ஆண்டுக்கு எத்தனை டிகிரி குறைகிறது என்று கேளுங்கள். முப்பது நாள் சோதனை எவ்வளவு நன்றாக நடந்திருந்தாலும், அந்த எண் பல ஆண்டுகள் ஓட்டிப் பார்த்த பிறகே கிடைக்கும்.