ஏ.ஆர்.டி. மாத்திரை எடுப்பவர் சிகரெட்டைக் கைவிட எப்படி உதவலாம்?

எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரைகளை ஒழுங்காக எடுத்துவரும் உங்கள் அண்ணன் சிகரெட்டை விட நினைக்கிறார். அதற்கான மருந்துகள் இவற்றோடு சேருமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் சேரும். நிக்கோட்டின் சூயிங்கத்தால் எச்.ஐ.வி. மருந்துகளுக்குப் பாதிப்பில்லை, புகையை விட உதவும் வரெனிக்ளின் மாத்திரையின் பெரும்பகுதி சிறுநீர் வழியாகவே வெளியேறுவதால் மோதல் அரிது. அதே நோக்கத்துக்கான இன்னொரு மாத்திரையான புப்ரோபியானின் அளவை மட்டும் எஃபாவிரென்ஸ், ரிட்டோனாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்துகள் உடலில் குறைத்துவிடக்கூடும் என்பதால், அவர் எடுக்கும் மாத்திரைகளை மருத்துவரிடம் காட்டிவிடுவது அவசியம்.

சூயிங்கத்தைப் பலர் மிட்டாய்போல மென்று தள்ளி, விக்கல் வந்ததும் கைவிட்டுவிடுகிறார்கள். காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி, காரம் அடங்கியதும் மீண்டும் மெல்ல வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே தேநீர், காபி கூடாது. எழுந்த 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவருக்கு 4 மி.கி. வகையே பொருந்தும்.

“எனக்கு இருக்கும் நோயைவிட இது என்ன பெரிய கேடு” என்று அவர் சொல்லலாம். 2013-இல் வெளியான டென்மார்க் ஆய்வொன்றில், சிகிச்சையில் இருந்தவர்கள் எச்.ஐ.வி.யால் இழந்த ஆயுளைவிடப் புகையால் இழந்தது இரு மடங்குக்கும் மேலாக இருந்தது. ஆனாலும் நோயை மறைத்து வாழும் தனிமைதான் பலர் கையில் சிகரெட்டைத் தருகிறது என்பதால், கண்டிப்பதைவிட, மாத்திரை வாங்கப் போகும் நாளில் ஏ.ஆர்.டி. மைய ஆலோசகரிடம் இதையும் பேச உடன் செல்லுங்கள்.