தடை நீங்கினால் யார் வருவார்கள்?

அன்புள்ள ஐயா,

நாங்கள் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி வசிக்கிறோம். எங்கள் பகுதியில் வரவிருக்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கான சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பத்தைப் படித்தேன். சுற்றுப்புறத்தில் இதனால் என்ன வளர்ச்சி ஏற்படும் என்ற இடத்தில் 'வேலைவாய்ப்பு பெருகும், பகுதி முன்னேறும்' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். ஒரு திட்டம் எவ்வளவு மக்களையும் தொழிலையும் இழுத்துவரும் என்பதை முன்கூட்டியே மதிப்பிட முடியுமா? இதைக் கேட்டாலே வளர்ச்சிக்கு எதிரி என்கிறார்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

துல்லியமாக முடியாது, ஆனால் பொறுப்புடன் மதிப்பிட முடியும். அதற்கு 'இத்திட்டம் எத்தனை பேருக்கு வேலை தரும்' என்பதைவிட, 'இதுவரை இங்கே மக்கள் பெருகாமல் தடுத்துவைத்திருந்தது எது, அதை இத்திட்டம் அகற்றுகிறதா' என்று கேட்பதே சரியான தொடக்கம். கலிபோர்னியாவில் 1970இல் வந்த சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் விதிகள் இதைத்தான் கேட்கின்றன. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பெரிதாக்குவது மேலும் மக்கள் குடியேற வழிவிடும் என்பதை அவ்விதிகளே எடுத்துக்காட்டாகச் சொல்கின்றன. வளர்ச்சி நல்லது என்றோ கெட்டது என்றோ பொருட்படுத்தத் தேவையில்லாதது என்றோ முன்முடிவு செய்யக் கூடாது என்றும் சொல்கின்றன. அம்மாநிலத்துக்கு இதில் பழைய அனுபவம் உண்டு. ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் நீர் 1913இல் ஏறத்தாழ 375 கிலோமீட்டர் நீளக் கால்வாய் வழியாக லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்தது. 1910இல் 3.19 லட்சமாக இருந்த அந்நகரின் மக்கள்தொகை 1930இல் 12.38 லட்சமானது. எண்ணெயும் துறைமுகமும் திரைப்படத் தொழிலும் அதில் பங்காற்றின என்றாலும், தண்ணீர் என்ற தடை நீங்காமல் அந்தப் பெருக்கம் நடந்திருக்காது. அதற்கான விலையாக வற்றிப்போனது தொலைவில் இருந்த ஓவன்ஸ் ஏரி.

உங்கள் சாலையின் கதையில் தடைகள் வேறு வரிசையில் நீங்கின. 2000இல் தரமணியில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கான டைடல் பூங்கா திறக்கப்பட்டது. பின்னர் மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை சாலை ஆறு வழியானது. பயணம் என்ற தடை விலகியது, மனைகளின் விலை ஏறியது, மக்கள் வந்தார்கள். 2021 தேர்தலின்போது சோழிங்கநல்லூர் சட்டமன்றத் தொகுதியில் மட்டும் 6 லட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளர்கள் இருந்தார்கள். ஆனால் குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் சாலையோடு சேர்ந்து வரவில்லை. அந்த இடைவெளியைத் தண்ணீர் லாரியும் கழிவுநீர் லாரியும் நிரப்பின. 2019 கோடையில் லாரிக்கும் தண்ணீர் கிடைக்காதபோது, வீட்டிலிருந்தே வேலை செய்யும்படி சில நிறுவனங்கள் ஊழியர்களிடம் சொல்ல நேர்ந்தது. மழைநீர் தேங்கி வடிவதற்கென்றே இயற்கை வைத்திருந்த பள்ளிக்கரணைக் கழுவெளி ('கழுவெளி' என்ற சொல்லே அந்த நிலத்தின் வேலையைச் சொல்கிறது) பெருமளவு சுருங்கிய பிறகு, 2022இல்தான் ராம்சர் தளம், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற தகுதியைப் பெற்றது. இவற்றில் எந்த ஒரு கட்டடத்தையும் தனியே குற்றம் சாட்ட முடியாது என்பதுதான் எனக்குப் பெரும் வேதனை தருகிறது. ஒவ்வொன்றும் தன் அளவில் சிறியதாகத் தெரிந்தது. கூட்டுத்தொகையைப் போட்டுப் பார்க்கும் பொறுப்பு யாரிடமும் இருக்கவில்லை.

நம் சட்டத்தில் இதற்கு இடமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையோடு வந்த முதல் விண்ணப்பப் படிவத்தின் ஒன்பதாம் பிரிவு, இத்திட்டத்தால் தூண்டப்பட்டு வரும் சாலை, மின்சாரம், கழிவுநீர் வசதி, வீடுகள், துணைத்தொழில்கள் ஆகியவற்றையும், பின்னால் வருபவற்றுக்கு இது முன்மாதிரி ஆகுமா என்பதையும், அருகிலுள்ள திட்டங்களோடு சேர்ந்து உண்டாகும் விளைவையும் கேட்கிறது. நீங்கள் படித்த அந்த ஒற்றை வரி, இவ்வளவு கேள்விகளுக்கும் எழுதப்பட்ட பதில். தவிர, 20,000 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டடங்களுக்கு இந்த அனுமதியே தேவையில்லை. தூண்டப்பட்டு வரும் வளர்ச்சியோ பெரும்பாலும் அத்தகைய சிறு கட்டடங்களாகத்தான் வருகிறது.

கணக்கு கடினமானதன்று. 2,000 வீடுகள், வீட்டுக்கு நான்கு பேர் என்று கொண்டால் 8,000 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அரசு அளவுகோலின்படி 10.8 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் கொண்டுவந்தால் தினமும் 90 நடை. அதில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும். இது நேரடிக் கணக்கு மட்டுமே. அந்த வீடுகளில் வேலை செய்ய வரும் பெண்களும் ஓட்டுநர்களும் காவலாளிகளும் கடைக்காரர்களும் எங்கே குடியிருப்பார்கள், அவர்களுக்கு எந்த நீர் என்பது இரண்டாவது கணக்கு. பெரும்பாலான விண்ணப்பங்கள் அதைத் தொடுவதே இல்லை. எதிர்த்திசையிலும் நேர்மை வேண்டும்: இத்திட்டம் இல்லாவிட்டாலும் வந்திருக்கக்கூடிய மக்களை இதன் கணக்கில் ஏற்றக் கூடாது, வேறொரு பகுதியிலிருந்து இடம் மாறி வரும் வேலைகளைப் புதிய வேலைவாய்ப்பு என்றும் காட்டக் கூடாது.

உங்களை வளர்ச்சிக்கு எதிரி என்பவர்களிடம், வரப்போகிறவர்களுக்காகவும் சேர்த்தே கேட்கிறேன் என்று சொல்லுங்கள். கடன் வாங்கி வீடு வாங்குபவர்தான் நாளை லாரிக்குக் காத்திருக்கப் போகிறார். இத்தகைய கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது. ஆகவே மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள். ஒன்பதாம் பிரிவுக்கான பதிலை அப்படியே மேற்கோள் காட்டி, அதன் கீழே மேற்சொன்ன கணக்கை உங்கள் திட்டத்தின் உண்மையான வீட்டு எண்ணிக்கையோடு போட்டு, அந்த நீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும் என்று கேளுங்கள். எழுதியதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். எண்களைச் சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்