சில்லர் மைனஸ் 25, சென்சார் மைனஸ் 4: நடுவில் 21 டிகிரி எங்கே போகிறது?

கேள்வி: துகள் உணர்கருவிக்காக ஒரு மீட்டர் நீள கார்பன் ஃபைபர் ஸ்டேவின் (சென்சார்களைத் தாங்கிக் குளிர்விக்கும் பட்டை) ஒரு பக்கத்தில் 10 சிலிக்கான் மாட்யூல்கள் (சென்சாரும் அதன் மின்சுற்றும்) ஒட்டியிருக்கிறோம், ஒவ்வொன்றும் 6 வாட் வெப்பம். உள்ளே கார்பன் ஃபோமில் பதித்த டைட்டேனியம் குழாய், உள்விட்டம் 2 மி.மீ. அதில் பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்த தண்ணீர், நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. திரவத்தைக் குளிர்விக்கும் சில்லரில் மைனஸ் 25 டிகிரி. முதல் மாட்யூலில் மைனஸ் 9, கடைசியில் மைனஸ் 4. பெரிய சில்லர் வாங்கலாமா, கார்பன் டை ஆக்சைடுக்கு மாறலாமா?

பதில்: பெரிய சில்லரால் பயனில்லை. முதலில் டிகிரிக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

உங்கள் குழாயில் நொடிக்குச் சுமார் 3.4 கிராம் திரவம் போகிறது. அது 60 வாட்டைச் சுமந்து வெளியேறும்போது ஐந்து டிகிரிக்குச் சற்றுமேல் சூடாகியிருக்கும். முதல் மாட்யூலுக்கும் கடைசி மாட்யூலுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். மீதி 15 டிகிரிக்கு எல்லோரும் சென்சாருக்கு அடியிலிருக்கும் பசையைச் சந்தேகிப்பார்கள். வீண் சந்தேகம். 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சென்சாரில் 6 வாட் பரவியிருக்கையில், 100 மைக்ரான் சாதாரணப் பசைகூட 0.3 டிகிரிதான் எடுக்கும்.

வினை குழாயருகே இருக்கிறது. அதே 6 வாட் இப்போது 10 செ.மீ. குழாய்ச் சுவர் வழியே, அதாவது வெறும் 6 சதுர செ.மீ. பரப்பில், நெருக்கியடித்து நுழைய வேண்டும். மைனஸ் 25-ல் கிளைக்கால் கலவை பாகு மாதிரி கெட்டிப்பட்டுவிடும். சுழலாமல் வரிவரியாக ஓடும். அப்படி ஓடினால் திரவத்துக்கும் சுவருக்கும் இடையிலேயே சுமார் 10 டிகிரி போய்விடும். பம்பின் வேகத்தைக் கூட்டினால் அழுத்தம்தான் ஏறும்; இந்தப் பத்து அவ்வளவாக அசையாது. குழாயை அகலமாக்கினாலும் அதே கதை, ஏனென்றால் பரப்பு கூடுகிற அளவுக்கு வெப்பம் கடத்துவது குறைந்துவிடுகிறது. இரண்டு குழாய்களை இணையாக வைத்தால் மட்டும் பாதியாகும்.

மிச்சமுள்ள நாலைந்து டிகிரி குழாய்க்கும் ஃபோமுக்கும் இடையிலுள்ள பசையில். நிரப்பி சேர்க்காத எபாக்சி 0.1 மி.மீ. கனத்தில் இருந்தால் 4.5 டிகிரி, போரான் நைட்ரைடு தூள் கலந்து வெப்பக் கடத்துதிறனை மீட்டர்-டிகிரிக்கு 1 வாட்டுக்குக் கொண்டுவந்தால் 0.9 டிகிரி. இன்னொரு சங்கதி: ஃபோம் பஞ்சு மாதிரி, நீர்த்த பசையைக் குடித்துவிடும், இணைப்பு வறண்டு நிற்கும். குழாய் வைக்க ஃபோமில் அரைத்த பள்ளத்தில் கரித்தூள் இருந்தால் பசை தூளைத்தான் பிடிக்கும், ஃபோமை அல்ல. வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்துவிட்டு, பசையைக் குழாயிலும் பள்ளத்திலும் இரு பக்கமும் தடவுங்கள்.

ஒட்டிய ஸ்டேவைச் சோதிக்க, குழாயில் 45 டிகிரி வெந்நீர் விட்டு, மாட்யூல் இல்லாத பின்பக்கத்தை அகச்சிவப்புக் கேமராவில் பாருங்கள். குளிர்ந்த திரவம் விட்டால் ஈரம் படிந்து படம் கெடும். சூடான கோடு எங்கே மங்குகிறதோ அங்கே பசை இல்லை. சிலிக்கான் பக்கத்தை நம்பாதீர்கள்; அது கண்ணாடி மாதிரி உங்கள் முகத்தின் சூட்டையே காட்டும்.

கார்பன் டை ஆக்சைடு? கதிர்வீச்சு வாங்கிய சென்சார் என்றால் மாறுங்கள். அதில் வீணாகக் கசியும் மின்னோட்டம் சுமார் 7 டிகிரி சூடேறும் ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகிறது. அந்த மின்னோட்டமே சூட்டைக் கூட்டி, சூடு மின்னோட்டத்தைக் கூட்டி, கைமீறிப் போய்விடும். புது சென்சாருக்கு மைனஸ் 4 ஒன்றும் மோசமில்லை, பசையைச் சரிசெய்தால் போதும். செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் எல்எச்சிபி சோதனையின் வேலோ என்ற சிலிக்கான் உணர்கருவி 2008 முதலே கார்பன் டை ஆக்சைடு வழிதான். அங்கேயே சிஎம்எஸ் சோதனையின் பிக்சல் உணர்கருவியும் 2017-ல் மாறியது. கொதிக்கும் திரவம் என்பதால் சுவரில் விழும் வித்தியாசம் 2 டிகிரிக்குள் அடங்கும், நொடிக்கு 0.6 கிராம் உங்களுக்குப் போதும், குழாய் நெடுக வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் மைனஸ் 30-ல் 14 பாராக இருக்கும் அழுத்தம் 20 டிகிரி அறையில் 57 பார் ஆகிவிடும். இரண்டு வால்வுக்கு நடுவே திரவத்தைச் சிறைவைத்துவிட்டுப் போகாதீர்கள். ஒவ்வொரு மூடிய பகுதிக்கும் அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கும் ரிலீஃப் வால்வு வேண்டும். அறையில் வாயு அலாரமும் கட்டாயம். சுமை குறைவாக இருந்தால் திரவம் கொதிக்கத் தொடங்காமலே ஓடும். அப்போது நுழைவாயிலில் சின்ன ஹீட்டர் வைத்துக் கொதிப்பை மூட்டிவிட வேண்டும்.

ஸ்டேவைப் பொருத்தும் தாங்கியையும் பாருங்கள். அறையிலிருந்து மைனஸ் 25-க்குப் போகையில் ஒரு மீட்டர் அலுமினியத் தாங்கி 1 மி.மீ. சுருங்கும், கார்பன் ஃபைபர் கிட்டத்தட்ட அசையாது. இரு முனையையும் இறுக்கினால் ஸ்டேவ் வளையும். ஒரு முனையைப் பூட்டி மறுமுனையை நழுவ விடுங்கள். சென்சாருக்கு அடியில் விறைத்த எபாக்சி வேண்டாம், மென்மையான சிலிக்கோன் ஜெல் போதும், 0.3 டிகிரிக்கு மேல் அது எதையும் கெடுக்காது என்று மேலே பார்த்தோமே.

ஸ்டேவ் இருக்கும் பெட்டிக்குள் உலர்காற்றை விட்டு, பனிநிலை (காற்றின் ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 40-க்குக் கீழே இறங்கிய பிறகே சில்லரைப் போடுங்கள். நிறுத்தும்போது ஸ்டேவ் முழுதும் அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் உலர்காற்றை மூட வேண்டும்.