வாசகர் கேள்வி: பாட்டனி படிச்சவங்க லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் பக்கம் வரலாமா?

கேள்வி: பி.எஸ்சி பாட்டனி முடிச்சிருக்கேன் மேடம். அடுத்து பார்க், தோட்டம் மாதிரி வெளியிடங்கள வடிவமைக்கிற லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர்ல மாஸ்டர்ஸ் பண்ண ஆசை, ஆனா ஆர்க்கிடெக்சர் டிகிரி இல்ல, படமும் சுமாராத்தான் வரும். வீட்ல வேற "தோட்டம் போடுறதுக்கு எதுக்குமா மாஸ்டர்ஸ்"னு கேக்குறாங்க. என்ன பண்ணட்டும்?
- ஒரு வாசகி

பதில்: தாராளமா வரலாம்மா. நிறைய யுனிவர்சிட்டில இந்த மாஸ்டர்ஸ் ரெண்டு விதமா இருக்கு, ஏற்கெனவே டிசைன் படிச்சவங்களுக்கு சுமார் 2 வருஷம், உங்கள மாதிரி வேற படிப்புலேர்ந்து வர்றவங்களுக்கு பெரும்பாலும் 3 வருஷம், அந்தக் கூடுதல் வருஷத்துலதான் டிராயிங், டிசைன் எல்லாம் அடியிலேர்ந்து சொல்லித் தருவாங்க. ஆனா பி.ஆர்க் இருந்தாதான் சீட்டுன்னு சொல்ற காலேஜும் இருக்கு, அப்ளை பண்றதுக்கு முன்னாடியே எலிஜிபிலிட்டிய நல்லா பார்த்துடுங்க. நீங்க வேலை பார்க்க நினைக்கிற நாட்டுல லைசென்ஸ் வாங்க அந்த டிகிரி செல்லுமான்னும் இப்பவே கேட்டுடுங்க, நிறைய பேரு படிச்சு முடிச்சப்புறம்தான் இத யோசிக்கிறாங்க.

வீட்ல கேட்டதுக்கு வர்றேன். நியூயார்க்ல இருக்கிற சென்ட்ரல் பார்க்கப் பார்த்தா எல்லாம் தானா அமைஞ்ச மாதிரி இருக்கும், ஆனா 1858ல ஓம்ஸ்டெட், வாக்ஸ்னு ரெண்டு டிசைனர்ங்க போட்ட பிளான் அது, அங்க இருக்கிற ஏரி மனுஷங்க வெட்டினது, குறுக்க போற ரோட்டையெல்லாம் தரைமட்டத்துக்குக் கீழ இறக்கி, நடக்கிறவங்களுக்கு வண்டித் தொந்தரவே இல்லாம பண்ணிட்டாங்க. செடி வைக்கிறது இதுல ஒரு பங்குதான். மண்ண எங்க வெட்டணும், எங்க கொட்டணும், பெய்ற மழை எந்தப் பக்கம் ஓடணும், எங்க நின்னு ஊறணும்னு முடிவு பண்றதுதான் இந்தப் படிப்போட உயிர்னு நான் சொல்வேன். கிரேடிங்னு, அதாவது தரையோட மேடு பள்ளத்தையும் சரிவையும் திட்டமிடுறதுக்குன்னு ஒரு பாடம் வரும், மேப்புல ஒரே உயரத்துல இருக்கிற இடங்கள இணைக்கிற கான்டூர் கோட்டப் பார்த்தாலே மேடு பள்ளம் கண்ணு முன்னாடி வரணும், நடைபாதைக்கு 100 அடிக்கு 2 அடி சரிவு குடுத்தா தண்ணி தேங்காது, வீல்சேர் ஏற்ற சாய்தளம்னா 12 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல உயரக்கூடாது, இந்த மாதிரி கணக்கெல்லாம் பிடிபடுற வரைக்கும் கஷ்டமாத்தான் இருக்கும், விட்றாதீங்க.

பாட்டனி வீணாப் போயிடும்னு மட்டும் நினைக்காதீங்க. சியாட்டில்ல 1975ல திறந்த கேஸ் ஒர்க்ஸ் பார்க் ஒரு பழைய எரிவாயு ஆலை இருந்த இடம், மண்ணெல்லாம் எண்ணெயும் தாருமா கெட்டுக் கிடந்தது, டிசைன் பண்ண ரிச்சர்ட் ஹாக் அந்த மண்ண நுண்ணுயிர்கள வச்சு சுத்தம் பண்ற வழியக் கையில எடுத்தாரு. மண்ணையும் வேரையும் படிச்சவங்களுக்கு இந்தத் துறைல எவ்வளவு வேலை இருக்குன்னு இதுலயே தெரியும்.

படம் சுமாரா வரும்னு பயப்பட வேண்டாம்மா, அப்ளை பண்ணும்போது அனுப்புற போர்ட்ஃபோலியோல, அதாவது நீங்க பண்ண வேலைகளோட தொகுப்புல, அழகான படத்த விட நீங்க ஒரு இடத்த எப்படி கவனிக்கிறீங்கன்னுதான் பார்ப்பாங்க. பக்கத்துல ஒரு காலி இடத்த எடுத்துக்கோங்க, மழை விட்டதும் தண்ணி எங்க நிக்குது, மத்தியானம் நிழல் எங்க விழுது, பாதைய விட்டுட்டு ஜனங்க எங்க குறுக்க நடக்கிறாங்கன்னு பார்த்துப் பார்த்து வரைஞ்சு வைங்க, கூடவே அந்த இடத்த நெடுக்கா வெட்டிப் பக்கவாட்டுல பார்த்தா எப்படி இருக்கும்னு காட்டுற ஒரு குறுக்குவெட்டுப் படமும் அளவோட போடுங்க. முதல்ல வரைஞ்ச சொதப்பலான ஸ்கெட்ச்சையும் தூக்கிப் போடாம சேர்த்து அனுப்புங்க.