கணவாயும் பாஸ், சீட்டும் பாஸ்

கே: புளியரை செக்போஸ்ட்டில் கல் லாரிக்குப் பாஸ் கேட்கிறார்கள். ஆரியங்காவு கணவாயும் 'பாஸ்' என்கிறார்கள். பயோடேட்டாவில் '2024-ல் பாஸ்டு அவுட்' என்று எழுதலாமா? (வாசகர், செங்கோட்டை)

ப: எழுதாதீர்கள். நம் நாட்டில் அது படிப்பை முடித்ததைக் குறிக்கும். வெளிநாட்டு நிறுவனத்தில் வாசிப்பவருக்கு மயங்கி விழுந்தீர்கள் என்றே பொருள்படும். 'கிராஜுவேட்டட் இன் 2024' என்று போடுங்கள்.

'பாஸ்' என்னும் சொல்லின் வேர் 'காலடி' என்னும் பொருளுள்ள 'பாஸுஸ்' என்ற லத்தீன் சொல். கடந்து போவது என்ற கருத்து அதிலிருந்து வந்தது. மலையைக் கடக்கும் வழி கணவாய். கடக்க அனுமதிக்கும் தாள் நடைச்சீட்டு. தேர்வைக் கடந்தால் தேர்ச்சி. 'பாஸ்டு அவே' என்றால் இறந்துவிட்டார்.

அதிகம் தவறுவது எழுத்தில்தான். 'பஸ் செங்கோட்டையைக் கடந்தது' என்னும்போது வினைச்சொல். இரண்டு எஸ், கடைசியில் ஈ, டி (passed). 'பஸ் செங்கோட்டை தாண்டிப் போனது' என்று 'வென்ட்'டுக்குப் பிறகு வந்தால் ஒரே எஸ், கடைசியில் டீ (past). ஒலி இரண்டுக்கும் ஒன்றே என்பதால் காதை நம்பி எழுத முடியாது. வாக்கியத்தில் வேறு வினைச்சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் ஒற்றை எஸ்தான்.