ரோமில் இரண்டு நாள்

கேள்வி: அடுத்த மாதம் ரோமில் இரண்டு நாள் இருப்போம். புனித பேதுரு பேராலயம் தவிர வேறு எந்தத் தேவாலயங்களைப் பார்க்கலாம்?

பதில்: ஒன்றே ஒன்று என்றால் சான் கிளெமெந்தே. கொலோசியத்திலிருந்து பொடிநடையாகப் போய்விடலாம். மேலே இருப்பது 12-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். டிக்கெட் வாங்கிப் படியிறங்கினால் 4-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். அதற்கும் கீழே, பண்டைய ரோமர்கள் வணங்கிய மித்ராஸ் என்ற கடவுளின் வழிபாட்டுக் கூடம். பலிபீடச் சிற்பத்தில் மித்ராஸ் காளையைக் குத்திக்கொண்டிருக்கிறார். அங்கே பேச்சை நிறுத்திக் காதுகொடுங்கள், எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். எனக்கு மேலேறி வரவே மனமில்லை.

அப்புறம், நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்தில் சான் லூயிஜி. கராவாஜ்ஜோ வரைந்த புனித மத்தேயு ஓவியங்கள் மூன்று, ஒரே சிற்றாலயத்தில். நான் போனபோது பெட்டியில் காசு போட்டால்தான் விளக்கு எரிந்தது. கையிலிருந்த கடைசிக் காசைப் போட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைத் தேடினேன். கண்ணாடி கிடைத்தது, விளக்கு அணைந்துவிட்டது! சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம். சிறிய தேவாலயங்கள் பலவற்றை மதியம் சாத்திவிடுவார்கள், காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.